எல்லாமே மூலம் இல்லை! ஆசனவாய் வலி, ரத்தக்கசிவு... எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

"என்ன பண்ணுது?" என்று டாக்டர் கேட்டால், "வயிறு சரியில்லை, பசி எடுக்கலை" என்பார்கள். மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போவார்கள். பிறகு திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "அப்புறம் டாக்டர்... மோஷன் போறப்போ எரியுது. ரெண்டு மாசமா கொஞ்சம் ரத்தமும் வருது" என்பார்கள். வந்ததே அதற்காகத்தான். பல பேர் அந்தக் கதவில் திரும்புவதே இல்லை என்பதுதான் சிக்கல்.

ஆசனவாயில் என்ன தொந்தரவு வந்தாலும் நம் வீடுகளில் அதற்கு ஒரே பெயர், மூலம். காரணமும் ஒன்றுதான், உடம்புச் சூடு. மோர் குடி, காரத்தைக் குறை, கருணைக்கிழங்கு மசியல் சாப்பிடு என்று பாட்டி வைத்தியம் தயாராக இருக்கும். கிழங்கில் நார்ச்சத்து இருக்கிறது, சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால், மூலம் என்று பெயர் வைத்த அந்த நிமிடமே விசாரணை முடிந்துவிடுகிறது. அது உண்மையிலேயே மூலம்தானா என்று யாரும் பார்ப்பதில்லை.

வலித்தால் மூலமா?

ஆசனவாய்க் குழாயின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். அதன் கீழ்ப்பகுதியில் வலி நரம்புகள் ஏராளம். மேல்பகுதியில் வெட்டினாலும் பெரிதாக வலி தெரியாது. அதனால், உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது. வலியே இல்லாமல் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும், சில நேரம் சதை வெளியே வந்து உள்ளே போகும். வெளிமூலத்தில் ரத்தம் கட்டிக்கொண்டால் மட்டும் திடீரென நீல நிறத்தில் வீங்கி உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

"கண்ணாடித் துண்டு கிழிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்பவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் மூலம் அல்ல, ஆசனவாய் வெடிப்பு. ஃபிஷர் என்பார்கள். இறுகிய மலம் வெளியேறும்போது தோலில் ஏற்படும் சின்னக் கிழிசல் அது. மலம் கழிக்கும்போது ஆரம்பிக்கும் வலி, முடிந்த பிறகும் சில நிமிடங்களோ, சில மணி நேரமோ நீடிக்கும். வலிக்குப் பயந்து அடுத்த நாள் அடக்குவார்கள். அடக்கினால் மலம் இன்னும் இறுகும், ஆறத் தொடங்கிய இடம் மறுபடி கிழியும். சுற்றியுள்ள தசையும் இறுகிக்கொள்வதால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, புண் ஆறாமல் இழுத்தடிக்கும்.

வலிக்குப் பயந்து மட்டுமா அடக்குகிறார்கள்? நாள் முழுக்க நிற்கும் கடை ஊழியர்கள், ஸ்கூல் டாய்லெட்டுக்குப் போகவே அருவருக்கும் பிள்ளைகள், பஸ் பயணத்துக்காகத் தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் பெண்கள் எல்லோரும் அடக்குகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தை பெற்றவர்களுக்கும் மலச்சிக்கலோடு சேர்ந்து இது வருவது சகஜம். கழிப்பறையில் மொபைலோடு அரை மணி நேரம் உட்கார்ந்து முக்குவது மூலத்துக்கு நல்லதல்ல. இந்தக் கட்டுரையை அங்கே உட்கார்ந்து படிப்பவர்கள், வெளியே வந்து மீதியைப் படிக்கலாம்.

புதிதாக வந்த வெடிப்பு சரியான கவனிப்பில் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் ஆறிவிடும். வெதுவெதுப்பான நீரை அகலமான டப்பில் ஊற்றி, 10 முதல் 15 நிமிடம் உட்கார்ந்தால் தசை இளகும். கீரை, கொய்யா, முழுப்பயறு, போதிய தண்ணீர் அவசியம். மலத்தை இளக்கும் மருந்தும், தசையைத் தளர்த்தும் களிம்பும் டாக்டர் எழுதிக்கொடுப்பார். கடையில் நாமே கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துவிடும்.

காத்திருக்கக் கூடாத வலி

மலம் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் விண்விண்ணென்று தெறிக்கும் வலி, பக்கத்தில் வீக்கம், காய்ச்சல் இருந்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். இதற்கு மாத்திரை மட்டும் போதாது, கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், தொற்று வேகமாகப் பரவும். கட்டி தானாக உடைந்து வலி குறைந்தாலும் நிம்மதி அடைய முடியாது. உள்ளிருந்து வெளியே ஒரு பாதை உருவாகி, விட்டுவிட்டுச் சீழ் கசிந்தால் அதுதான் பவுத்திரம்.

எல்லா வலியும் ஆபத்தல்ல. நடுராத்திரியில் திடீரென உள்ளே சுளுக்குப் பிடித்ததுபோல வலித்து, சில நிமிடங்களில் தானாக மறையும் வலி பலருக்கு உண்டு. அது தசைப்பிடிப்பு. ராத்திரியில் மட்டும் அரிக்கிறது என்று குழந்தை அழுதால் கீரிப்பூச்சியைச் சந்தேகிக்கலாம்.

ரத்தம் வந்தால்?

ரத்தம் வருபவர்களில் பெரும்பாலானோருக்கு மூலமோ வெடிப்போதான் இருக்கும். ஆனால், மலக்குடல் புற்றுநோயும் ஆரம்பத்தில் இதே சிவப்பு ரத்தத்தோடு, வலியே இல்லாமல் வரலாம். 'வலிக்கவில்லை, அதனால் பயமில்லை' என்ற கணக்கு இங்கே பலிக்காது. ஏற்கெனவே மூலம் இருப்பவருக்கு வேறு நோய் வராது என்றும் இல்லை.

ரத்தத்தோடு சளி வருவது, போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோலவே தோன்றுவது, மூன்று வாரத்துக்கு மேல் மலம் போகும் வழக்கம் மாறியிருப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை... இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களுக்குக் குடல் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வயது குறைவு என்பது சமாதானம் ஆகாது. 'பிளாக் பாந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020-ல் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தபோது வயது 43.

மலம் தார் போலக் கறுத்துப் போவது, ரத்தம் நிற்காமல் கொட்டித் தலை சுற்றுவது, அந்தப் பகுதி மரத்துப்போய்ச் சிறுநீர் போக முடியாமல் தவிப்பது ஆகியவை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கான அறிகுறிகள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதால், சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துப் போவது நல்லது.

பரிசோதனை எப்படி இருக்கும்?

பலரைத் தடுப்பது இந்தக் கேள்விதான். இடதுபக்கமாகப் படுத்து, முழங்காலை மடக்கச் சொல்வார்கள். முதலில் வெளியே பார்ப்பார்கள், பிறகு கையுறை அணிந்த விரலில் ஜெல் தடவி உள்ளே சோதிப்பார்கள். தேவைப்பட்டால் சின்னக் குழாய் வைத்துப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெடிப்பால் கடுமையாக வலித்தால், வெளியே பார்த்ததோடு நிறுத்தி, ஆறிய பிறகு மீதியைச் சோதிப்பார்கள். பரிசோதனையே செய்யாமல் 'மூலம்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் 'ஒரே ஊசியில் குணம்' என்று நோட்டீஸ் ஒட்டுபவர்களும் இதில் அடக்கம். தகுதியில்லாதவர்கள் போடும் ஊசியாலும் அரிக்கும் மருந்தாலும் வெந்து, ஆசனவாயே சுருங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள்.

அரசு மருத்துவமனையில் பொது அறுவைச் சிகிச்சை ஓ.பி.யில் இதைப் பார்ப்பார்கள். அங்கே போனாலே ஆபரேஷன்தான் என்று அர்த்தமில்லை. பெண் டாக்டர் எந்த நாளில் இருப்பார் என்று சீட்டு போடும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். வாய்விட்டுச் சொல்லத் தயக்கமாக இருந்தால், எத்தனை நாளாக, மலத்துக்கு முன்பா பின்பா, ரத்தம் சொட்டுகிறதா, மலத்தில் கலந்து வருகிறதா என்று மொபைலில் தட்டிவைத்து, உட்கார்ந்ததும் டாக்டரிடம் நீட்டிவிடலாம்.