சைலன்சர் மாற்றும் முன் பெட்ரோல் ஹோஸைப் பாருங்கள்



காளவாசல் பகுதியில் நம் பிள்ளைகள் பலர் ஒர்க் ஷாப்களில் தொழில் பழகுகிறார்கள். பழைய மாருதி 800, ஆம்னி, எஸ்டீம் போன்ற கார்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, பைப் வளைத்து வெல்டிங் வைத்துப் பெரிய சத்தம் வரும்படி மாற்றிக்கொள்ளும் பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. அந்தச் சத்தத்தால் நோயாளிகளும் கைக்குழந்தைகளும் படும் சிரமத்தை முன்பே பேசியிருக்கிறோம். இம்முறை சொல்ல வருவது தீயைப் பற்றி.

பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின்பக்கம் உள்ள டேங்கிலிருந்து முன்பக்க இன்ஜின் வரை ஒரு பெட்ரோல் லைன் ஓடுகிறது. பல வண்டிகளில் மிச்சப் பெட்ரோல் திரும்பி வர இன்னொரு ரிட்டர்ன் லைனும் உண்டு. வண்டியைத் தயாரிப்பவர்கள் இந்த லைனையும் சைலன்சர் பைப்பையும் கூடியவரை விலக்கியே அமைக்கிறார்கள். நெருங்க வேண்டிய இடத்தில் நடுவே ஒரு தகடு வைக்கிறார்கள். பட்டறையில் பெரிய பைப் போடும்போது முதலில் காணாமல் போவது அந்தத் தகடுதான். இடம் போதவில்லை என்று அதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். பைப்பும் ஹோஸும் இரண்டு விரல் இடைவெளியில் வந்து நிற்கின்றன. நிறுத்தி வைத்த வண்டியில் இரண்டு விரல் என்றால் ஓடும் வண்டியில் அதுவும் இராது. இன்ஜின் ரப்பர் மௌண்டிங்கின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும் பொருள், அதனோடு பைப்பும் ஆடும்.

சூட்டின் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் எரியக்கூடிய ஆவியை வெளியிடும். பொறி எதுவும் இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ள அதற்குச் சுமார் 280 டிகிரி வேண்டும். காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில் அதைவிடவும் கூடுதலாக வேண்டும். அதனால்தான் கசிகிற வண்டி எல்லாம் எரிவதில்லை, "இத்தனை நாள் ஓடுதே, ஒண்ணும் ஆகலையே" என்று பிள்ளைகள் சொல்வதும் அதனால்தான். ஆனால் பெருநாள் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறும்போது நிலைமை வேறு. வண்டி நிறைய ஆள், மெதுவான ஏற்றம், அடியில் காற்று இல்லை. இன்ஜினை ஒட்டிய பைப் அப்போது 500 டிகிரியைத் தாண்டும். மதுரைக்குள் ஓடியபோது பொறுத்துக்கொண்ட கசிவு அங்கே பொறுக்காது.

2010-ல் டாட்டா நானோ கார்கள் சில தீப்பிடித்ததைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு கூடுதலாகப் பொருத்திய மின்சாதனங்களும், எக்ஸாஸ்ட் பகுதியில் தங்கிய வேற்றுப் பொருள்களும் காரணம் என்று நிறுவனம் சொன்னது. ஆனாலும் அந்த ஆண்டு நவம்பரில், எக்ஸாஸ்ட்டுக்கும் மின்சுற்றுக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தருவதாக அறிவித்தது. தொழிற்சாலையில் சோதித்து வெளியிட்ட காருக்கே இந்த ஏற்பாடு தேவைப்பட்டது.

தீ வருவதற்கு முன் வண்டியே சில அடையாளம் காட்டும். ஹோஸ் சூடேறினால் உள்ளே பெட்ரோல் ஆவியாகிக் குமிழியாகும். மதிய வெயிலில் சிக்னலில் நிற்கும்போது வண்டி திணறி அணைந்து, அரை மணி நேரம் ஆறிய பின் ஸ்டார்ட் ஆனால், பழைய கார்பரேட்டர் வண்டிகளில் இதைச் சந்தேகிக்கலாம். பெட்ரோல் வாசனை அடித்தால் சந்தேகத்துக்கே இடமில்லை, ஓட்டக் கூடாது.

லைனை மாற்றி அமைக்கும் வேலையை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் முதலில் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 30 பி.எஸ்.ஐ. இந்த லைனிலோ 40 முதல் 50 வரை இருக்கும். ஓட்டை விழுந்தால் சொட்டாது, பீய்ச்சும். புதிய லைனை பைப் போகாத பக்கமாக, சேஸிஸை ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். நீளமான பகுதிக்கு இரும்புக் குழாயே நல்லது. இன்ஜின் ஆடும் இடத்தில் மட்டும் ரப்பர் ஹோஸ் போதும். ஒன்றரை அடிக்கு ஒரு கிளாம்ப், தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வாஷர் அவசியம். பைப்புக்கும் லைனுக்கும் நடுவே நான்கு விரல் அகலமாவது இருக்கட்டும். முடியாத இடத்தில் தகடு வையுங்கள், தகட்டின் இரு பக்கமும் காற்று போக வழி வேண்டும். ஹோஸின் மேல் துணி போன்ற நார்ப்பட்டை சுற்றிவிட்டு "சேஃப்டி ஆயிடுச்சு" என்பதை நாம் ஏற்பதில்லை. அது கசிந்த பெட்ரோலை ஊறவைத்துக்கொள்ளும்.

ஹோஸ் வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். தண்ணீர் டியூபும் கண்ணாடி டியூபும் இதற்கு ஆகாது. இன்ஜெக்ஷன் வண்டிக்கான ஹோஸில் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல, உப்பி வெடிப்பு விடும். ஆகவே சைலன்சரைத் தொடாதவர்களும் பத்து வருடத்துக்கு மேற்பட்ட ஹோஸை மாற்றிவிடுவது நல்லது.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் சத்தம் போடும் சைலன்சர் சட்டப்படி கூடாது என்பதைப் பெற்றோர்கள் அறிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. வண்டி எரிந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கவும் இடமுண்டு. கடன் வாங்கி வண்டி எடுத்த வீட்டில் அதன் பிறகும் தவணை நிற்காது.

ஓடும்போது புகை வந்தால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, முதலில் ஆட்களை இறக்குங்கள். 2023 பிப்ரவரியில் கண்ணூரில் பிரசவத்துக்காக மருத்துவமனைக்குப் போன கார் தீப்பற்றியபோது பின் இருக்கையில் இருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள், முன் இருக்கையில் இருந்த கணவனும் கர்ப்பிணி மனைவியும் வெளியே வர முடியவில்லை. பானெட்டை அகலத் திறக்காதீர்கள், காற்று புகுந்து தீ எழும்பும். தள்ளி நின்று 112-க்கு அழையுங்கள்.

ஆம்னி வேன், கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களில் ஹோஸ் மாற்ற வசதி இல்லாதவர்கள் ஆர்.சி. நகலுடன் அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். சைலன்சர் மாற்றிய வண்டியாக இருந்தால் கம்பெனி சைலன்சரைத் திரும்பப் பொருத்திய பிறகு வரவும்.