மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை

மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை என்பது, வரவேண்டிய மாதவிடாயைச் சில நாட்களுக்கு வராமல் நிறுத்தி வைக்கும் ஹார்மோன் மருந்தைக் குறிக்கும். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது நார்எதிஸ்டிரோன் என்னும் மருந்தாகும். இது உடலில் இயற்கையாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோனைப் போலச் செயற்படும் செயற்கைச் சேர்மம். தமிழ்நாட்டில் திருமணம், கோயில் திருவிழா, குலதெய்வ வழிபாடு, பொதுத்தேர்வு ஆகியவை நெருங்கும்போது பெண்கள் இதனை வாங்கி உட்கொள்வது வழக்கமாக உள்ளது. பலர் மருத்துவரைக் காணாமலேயே வாங்குவதால், இதன் செயல்பாட்டையும் ஆபத்தையும் அறிந்திருப்பது தேவையாகிறது.

செயற்படும் முறை

மாதவிடாய் ஏன் வருகிறது என்பது தெரிந்தால்தான் மாத்திரை அதை எவ்வாறு நிறுத்துகிறது என்பது விளங்கும். சுழற்சியின் முற்பகுதியில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வை வளர்க்கிறது. சூலகத்திலிருந்து கருமுட்டை வெளியேறிய பின், அது இருந்த இடம் மஞ்சள் உடலமாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. வளர்ந்த சவ்வு உதிராமல் நிலைத்திருப்பது இதனால்தான். கரு உண்டாகாவிட்டால் ஏறத்தாழ 14 நாட்களில் மஞ்சள் உடலம் சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரோன் அளவு சரியும். சவ்வு உதிர்ந்து உதிரப்போக்காக வெளிவரும். ஆக, மாதவிடாயைத் தொடங்கி வைப்பது ஹார்மோன் சுரப்பது அன்று, அது குறைந்துபோவதே.

சாயும் சுவருக்கு முட்டுக்கொடுப்பது போல, குறையும் புரோஜெஸ்டிரோனின் இடத்தை நார்எதிஸ்டிரோன் நிரப்புகிறது. மாத்திரை உள்ளவரை சவ்வு உதிர்வதில்லை. நிறுத்தினால் பொதுவாக 2 அல்லது 3 நாட்களில் உதிரப்போக்கு தொடங்கும். வராத நாட்களில் 'கெட்ட இரத்தம்' உள்ளே தேங்கிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. தேங்குவதற்கு அங்கே இரத்தம் சேர்வதில்லை. மாதவிடாய் இரத்தம் கெட்ட இரத்தமும் அன்று.

உட்கொள்ளும் முறை

வழக்கமான அளவு 5 மில்லிகிராம் மாத்திரை, நாளொன்றுக்கு 3 வேளை. எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாட்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். உதிரப்போக்கு தொடங்கிய பின் விழுங்கினால், நினைத்தபடி நிற்கும் என்று நம்ப முடியாது. ஒரு வேளை தவறினாலும் இடையில் இரத்தக்கசிவு தோன்றலாம். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்காக இருப்பதில்லை. ஆகவே, மாணவிகளுக்கு '3 நாட்களுக்கு முன்பு' என்ற கணக்கே பல நேரங்களில் பொய்த்துவிடும். தேர்வு நாளில் உண்மையான தொல்லை வயிற்றுவலி என்றால், மருத்துவர் தரும் வலிநிவாரணியே போதுமானதாக இருக்கும்.

இம்மாத்திரையைக் கருத்தடை மாத்திரையாகக் கருதுவது பெரிய தவறு. இது சுழற்சியின் இறுதியில் தொடங்கப்படுகிறது. கருமுட்டை அதற்கு முன்பே வெளிவந்திருக்கும். மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாகியும் உதிரப்போக்கு இல்லையெனில், கருவுற்றிருக்க வாய்ப்புள்ளவர்கள் சோதனை செய்துகொள்ள வேண்டும். கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்கள் இதனைத் தொடங்கவே கூடாது.

இரத்த உறைவு ஆபத்து

நார்எதிஸ்டிரோனின் ஒரு சிறு பகுதி உடலுக்குள் எத்தினைல் ஈஸ்ட்ராடயோலாக மாறுகிறது. கூட்டுக் கருத்தடை மாத்திரைகளில் உள்ள ஈஸ்ட்ரோஜனும் இதுவே. எனவே நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில், கால் நரம்புகளில் (சிரைகளில்) இரத்தம் உறையும் வாய்ப்பு சற்று உயர்கிறது. உடல்நலமுள்ள இளம்பெண்ணுக்கு இந்த ஆபத்து மிகச் சிறியது. ஆனால் முன்பு இரத்த உறைவு ஏற்பட்டவர், குடும்பத்தில் அது உள்ளவர், மிகுந்த உடற்பருமன் உடையவர், அண்மையில் அறுவை சிகிச்சையோ மகப்பேறோ ஆனவர் ஆகியோருக்கு அப்படியன்று. கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு, கண்ணில் ஒளிக்கீற்று தோன்றும் ஒற்றைத் தலைவலி ஆகியவை உள்ளவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் இதனைத் தொடக்கூடாது. யாத்திரைக்காக மாத்திரை எடுப்பவர், பேருந்தில் பல மணிநேரம் காலை அசைக்காமல் உட்கார்ந்தே செல்வதும் உறைவுக்கு ஒரு காரணம்தான்.

ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 'மாத்திரைச் சூடு' என்று மோர் குடித்துக் காத்திருக்கும் நேரம் அதுவன்று. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசிபைன் ஆகியவை இம்மருந்தின் வீரியத்தைக் குறைக்கும்.

பிற ஹார்மோன் மருந்துகளும் சுழற்சியும்

இந்திய அரசு வழங்கும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் உள்ளன. அவற்றுள் 21 ஹார்மோன் மாத்திரைகள். மீதி 7 இரும்புச்சத்து மாத்திரைகள். இரும்பு மாத்திரை நாட்களில் வரும் உதிரப்போக்கு இயற்கையான மாதவிடாய் அன்று. ஹார்மோன் நின்றதால் வருவது. 3 மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் அந்தரா ஊசியால் முதலில் ஒழுங்கற்ற கசிவும், பின்னர் பலருக்கு மாதவிடாயே வராத நிலையும் ஏற்படும். ஊசியை நிறுத்தியபின் சுழற்சி திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். அவசரக் கருத்தடை மாத்திரைக்குப் பின் அடுத்த மாதவிடாய் சில நாட்கள் முந்தியோ பிந்தியோ வரக்கூடும்.

வரலாறு

நார்எதிஸ்டிரோன் 1951இல் மெக்சிகோ நகரிலிருந்த சின்டெக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. கார்ல் ஜெராசி, ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ், அப்போது மாணவராக இருந்த லூயிஸ் மிராமோன்டெஸ் ஆகியோர் இப்பணியில் ஈடுபட்டனர். மூலப்பொருள் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கு வகையிலிருந்து கிடைத்தது.

அடுத்த சுழற்சியைக் கணக்கிடுதல்

அடுத்த மாதத் தேதியை, மாத்திரையை நிறுத்தியபின் வந்த உதிரப்போக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். பழைய தேதியிலிருந்து எண்ணினால், மாதவிடாய் தாமதமாகிவிட்டதாக வீண் கவலை ஏற்படும்.