யாளிக்கும் நிழல் உண்டு

வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நேரங்களில் எடுத்த புகைப்படங்களின் பகுதிகளை ஒரே சட்டத்துக்குள் சேர்த்து, உலகில் இல்லாத ஒரு காட்சியை உண்டாக்குவது ஒட்டுப்படக் கலை. ஃபோட்டோ மாண்டேஜ் என்றும் சொல்வார்கள். ஏரிக்கு மேல் மிதக்கும் கோபுரம், மேகத்தில் நீந்தும் திமிங்கலம், நெடுஞ்சாலையில் இறங்கி நடக்கும் யாளி என்று நடக்க முடியாததைக் காட்டுபவை கற்பனை ஒட்டுப்படங்கள். காட்சி முழுப் பொய்தான். ஆனால் அதில் விழும் வெளிச்சமும் நிழலும் தூரமும் மெய்யாக இருந்தாக வேண்டும். செய்பவரின் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே போகிறது. பார்த்துக் கருத்துச் சொல்பவரின் வேலையும் இங்கேதான் தொடங்குகிறது.

உடல்களைக் கலந்து புது உயிரைப் படைப்பது தமிழ்நாட்டுச் சிற்பிகளுக்குப் பழகிய வேலை. கோயில் தூண்களில் நிற்கும் யாளிக்குச் சிங்கத்தின் உடல். சிலவற்றுக்கு யானையின் துதிக்கையும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் எழுந்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை தெரியும். மறுபக்கத்தை மறைத்தால் யானை. பொதுவான தலையின் கோடுகள் இரண்டு உடலுக்கும் இடறாமல் பொருந்துவதில்தான் சிற்பியின் திறமை இருக்கிறது. ஒட்டுப்படத்துக்கும் அளவுகோல் அதுவே.

இருட்டறையிலிருந்து கணினிக்கு

புகைப்படத்தில் ஒட்டுவேலை கற்பனைக்காகத் தொடங்கவில்லை, வானத்துக்காகத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் நெகட்டிவ்கள் நீல ஒளியை அளவுக்கு மீறி உள்வாங்கின. தரை சரியாகப் பதிந்தால் வானம் வெறும் வெள்ளையாகப் போகும். அதனால் மேகத்தைத் தனியே எடுத்து, அச்சிடும்போது மேல்பகுதியில் சேர்த்தார்கள். மெட்ராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் வரைந்தார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே தொடர்படமாக்கினார். அது ஆவணத்துக்காகச் செய்த ஒட்டு.

கதை சொல்லும் ஒட்டு அதே காலத்தில் இங்கிலாந்தில் வந்தது. ஆஸ்கர் ரேலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து 1857இல் ‘வாழ்வின் இரு வழிகள்’ என்ற படத்தை உருவாக்கினார். மறு ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன், ஐந்து நெகட்டிவ்களிலிருந்து ஓர் இளம்பெண்ணின் மரணப் படுக்கையை அமைத்தார். புகைப்படம் உண்மையை மட்டும்தான் காட்ட வேண்டுமா என்ற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு பெர்லினில் ஹன்னா ஹோக்கும் ஜான் ஹார்ட்ஃபீல்டும் பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து அரசியல் கிண்டலாக்கினார்கள். அமெரிக்காவின் ஜெர்ரி யூல்ஸ்மன் இருட்டறையில் பல என்லார்ஜர்களை வரிசையாக வைத்து, ஒரே தாளை ஒவ்வொன்றின் கீழும் நகர்த்தி, கனவுக் காட்சிகளை அச்சிட்டார்.

தமிழ் ரசிகர்கள் இந்த வித்தையைத் திரையில் கண்டார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் வெளியிட்ட ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தார். லென்ஸின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்து, ஃபிலிமைத் திரும்பச் சுற்றி, மறு பாதியைத் திறந்து மீண்டும் எடுப்பது இரட்டை வேடத்துக்கு அந்தக் காலத்து வழி. கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும், விளக்கு சற்றே இடம் மாறினாலும் நடுக்கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபோட்டோஷாப் 1990இல் விற்பனைக்கு வந்தது. படங்களைக் கண்ணாடித் தாள்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க உதவும் லேயர் வசதி 1994இல் சேர்ந்தது. அதன் பிறகு ஒட்டுவேலை இருட்டறையை விட்டு வெளியேறியது. ஓவியர் விவான் சுந்தரம் 2001-02இல் தன் தாத்தா உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த குடும்பப் படங்களைக் கணினியில் கலந்து, ஒரே அறையில் பல காலங்கள் சந்திக்கும் படவரிசையை உருவாக்கினார். தமிழ்நாட்டில் இந்தக் கலை அதிகமாகக் கண்ணில் படுவது ஃப்ளெக்ஸ் பேனரில்தான். நடுவில் மணமக்களோ தலைவரோ, பக்கத்தில் பாயும் சிங்கம், பின்னால் மேகமும் மின்னலும், கீழே வரிசையாக நண்பர்களின் முகங்கள். திருமணம், மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள் என எதற்கும் இந்த அமைப்பு உண்டு. கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்களும் பேனர் கடைக்காரர்களும்தான் ஊர்தோறும் இந்தக் கலையின் முதல் வாத்தியார்கள்.

கையெட்டும் தூரத்தில் கச்சாப் பொருள்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடம் கற்பனை ஒட்டுப்படத்துக்குத் தோதான நிலம். எதிரெதிர்ப் பொருள்கள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயில். அதைச் சுற்றி 1990களின் இறுதியிலிருந்து எழுந்த ஆலைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோவும் ராயல் என்ஃபீல்டும். வல்லக்கோட்டை முருகன் கோயிலும் செம்பரம்பாக்கம் ஏரியும் எட்டிவிடும் தொலைவில். கார்களை இரண்டடுக்காக ஏற்றிக்கொண்டு போகும் டிரெய்லர், உயர்மின் கோபுர வரிசை, ஷிஃப்ட் முடிந்து ஊழியர்களை இறக்கும் கம்பெனி பஸ் என ஒவ்வொன்றும் வெட்டி எடுக்கத் தகுந்த உருவம்.

ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஆலைக்குள் கேமராவுக்கு அனுமதி இருப்பது அரிது. எனவே பொதுச் சாலையிலிருந்து கிடைக்கும் கோணங்களோடு படமெடுப்பவர் திருப்தி அடைய வேண்டும்.

ஒரு படம் உருவாகும் விதம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் அருகே, மாலை வெயிலில், எதிரே வரும் கார் டிரெய்லருக்குப் பின்னால் 15 மீட்டர் உயர யாளி ஒன்று நடந்து வருவதாக ஒரு கற்பனை. கைவசம் இருப்பவை இரண்டு படங்கள்: மேற்கே பார்த்து எடுத்த சாலை, கோயில் மண்டபத்தில் எடுத்த யாளிச் சிற்பம்.

முதல் சிக்கல் கண்மட்டம். சமதரையில் நின்று எடுத்த படத்தில் தொடுவானக் கோடு கேமரா இருந்த உயரத்தில் எல்லாப் பொருள்களையும் வெட்டும். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், 15 மீட்டர் யாளியை அந்தக் கோடு அடியிலிருந்து பத்தில் ஒரு பங்கில் வெட்ட வேண்டும். அதாவது கணுக்கால் அளவில். ஆனால் மண்டபத்துச் சிற்பத்தின் உயரம் இரண்டு மீட்டர் என்றால், நின்றபடி எடுத்த படத்தில் அந்தக் கோடு அதன் மார்புக்கு மேல் போகும். அதை எவ்வளவு பெரிதாக்கி ஒட்டினாலும் அது பொம்மையாகத்தான் தெரியும். கேமராவைத் தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து அண்ணாந்து எடுத்திருந்தால் அதே சிற்பம் மலைபோல் எழுந்து நிற்கும். மென்பொருளால் சரிசெய்ய முடியாத பிழை இது; படமெடுக்கும்போதே தீர்மானிக்க வேண்டியது.

அடுத்தது வெளிச்சம். மண்டபத்துக்குள் ஒளி பக்கவாட்டில் மெதுவாக வரும். சாலையிலோ சூரியன் யாளிக்குப் பின்னால் தாழ்ந்து நிற்கிறது. எனவே நம்மை நோக்கிய முகப்பு நிழலில் இருண்டு, சற்றே நீலம் பாரித்திருக்க வேண்டும். பிடரி, தோள், காது ஆகியவற்றின் விளிம்பில் மட்டும் மஞ்சள் ஒளிக்கோடு ஓட வேண்டும்.

மூன்றாவது நிழல். சூரியன் தொடுவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் இருந்தால், ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல் நீளும். 15 மீட்டர் யாளிக்கு ஏறக்குறைய 85 மீட்டர் நிழல். அது கேமராவை நோக்கி விழும். வழியில் டிரெய்லர் வருகிறது. ஆகவே டிரெய்லர் யாளியின் நிழலுக்குள் மூழ்க வேண்டும். அசல் படத்தில் கார்களின் கூரையில் மினுங்கிய வெயில் அப்படியே இருந்தால், காரணம் சொல்லத் தெரியாதவர்கூட ‘எங்கேயோ இடிக்குதே’ என்பார்.

மற்றவை கைவேலை. வெட்டிய விளிம்பில் பழைய பின்னணியின் நிறம் ஒட்டியிருக்கக் கூடாது. அழிப்பானைவிட, லேயரின் பகுதியை மறைத்துவைக்கும் மாஸ்க் நல்லது: கருப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும்; அழிப்பானால் அழித்ததோ போனது போனதுதான். தூரத்துப் பொருள் புழுதியில் வெளுத்து, வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். பாதம் தரையைத் தொடும் இடத்தில் குறுகலான கருநிழல் வேண்டும். இரு படங்களின் கூர்மையும் புள்ளித்தன்மையும் ஒத்துப்போக வேண்டும். இவற்றுக்கு விலையில்லா மென்பொருளான ஜிம்ப் போதும்.

குறை சொல்லும் முறை

பல மணி நேரம் ஒரே படத்தைப் பார்த்த கண்ணுக்குப் பிழை தெரியாது. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது, கருப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது, தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது, ஒரு நாள் மூடிவைப்பது ஆகியவை ஓரளவு உதவும். ஆனால் வேறொருவர் கண்ணுக்கு ஈடில்லை. மெட்ராஸில் 1850களிலேயே புகைப்படச் சங்கம் தொடங்கியது. படத்தைப் பலர் கூடிப் பார்க்கும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

நண்பர் வட்டத்தில் இரண்டு வகைக் கருத்துகள் பயனற்றவை. ‘செம ப்ரோ’ என்பதில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. ‘நல்லா இல்லையே’ என்பதிலும் இல்லை. ஆலையின் தரச் சோதனையில் ஓர் உதிரிபாகம் ரீவொர்க்குக்குத் திரும்பினால், எந்த இடத்தில், என்ன குறை, எவ்வளவு விலகல் என்று குறித்துத்தான் திருப்புவார்கள். செய்தவரைத் திட்டி எழுதுவதில்லை. படத்துக்கும் அதுவே முறை. ‘முன்னங்கால் பக்கத்துல நிழல் இல்லண்ணே, அதான் மிதக்குற மாதிரி தெரியுது’ என்ற ஒரு வரியில் இடம், காரணம், விளைவு மூன்றும் இருக்கின்றன. செய்தவர் அன்றிரவே உட்கார்ந்து திருத்திவிட முடியும்.

கருத்துச் சொல்ல ஒரு வரிசை உண்டு. முதலில் படத்தில் தெரியும் கதையைச் சொல்வது. செய்தவர் நினைத்த கதையும் பார்த்தவர் கண்ட கதையும் வேறாக இருந்தால், அதுவே முதல் குறை. பிறகு கண் எங்கே முதலில் போனது, எங்கே இடறியது என்பது. அதன்பின் கண்மட்டம், வெளிச்சம், நிழல், நிறம், விளிம்பு என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வருவது. யாளியின் கண்மட்டமே தவறாக இருக்கையில் பிடரியின் விளிம்பைப் பற்றிப் பேசுவது வீண். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று குறைகளே போதும். நூலுக்குப் பத்துக் குற்றம் வகுத்த நன்னூல் பத்து அழகையும் சேர்த்தே வகுத்தது. நன்றாக வந்த இடத்தைச் சுட்டுவதும் விமர்சனத்தில் பாதி. எது சரியாக வந்தது என்று தெரியாதவர், திருத்தும்போது அதையும் கெடுத்துவிடுவார்.

படம் காட்டுபவருக்கும் கடமை உண்டு. மூலப் படங்களையும் சேர்த்துக் காட்டினால், பிழை எடுத்ததிலா ஒட்டியதிலா என்று சொல்ல முடியும். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும். டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். கேட்ட கருத்துக்கு உடனே மறுப்புச் சொல்லத் தேவையில்லை. மூன்று பேர் ஒரே இடத்தில் இடறினால் அங்கே குறை இருக்கிறது.

எல்லைகள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி புகைப்படத்துக்கான உரிமை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகளும் நீடிக்கும். தன் படைப்பு சிதைக்கப்பட்டுப் பெயர் கெட்டால் எதிர்க்கும் உரிமையைப் பிரிவு 57 படைப்பாளிக்குத் தருகிறது. கூகுளில் கிடைத்தது என்பதால் ஒரு படம் பொதுச்சொத்தாகாது. சொந்தமாக எடுத்தவை, அனுமதி பெற்றவை, மாற்றியமைக்க இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தவை ஆகிய மூன்றும் பாதுகாப்பானவை. பிறர் முகத்தை, குறிப்பாகப் பெண்களின் முகத்தை, அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒட்டுவது விளையாட்டல்ல. வழக்கு வரைக்கும் போகும்.

ஒட்டுப்படத்தை ஒட்டுப்படம் என்று சொல்லிக் காட்டுவதும் முக்கியம். 2015 டிசம்பரில் பிரதமர் சென்னை வெள்ளத்தை வானிலிருந்து பார்வையிட்டபோது, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்ட ஒரு படத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. பார்த்தவர்கள் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள், படம் நீக்கப்பட்டது. கற்பனை என்று சொல்லிக் காட்டினால் பாராட்டுப் பெறும் வேலை, செய்தி என்று காட்டினால் மோசடி என்று பெயர் வாங்குகிறது.

2023இலிருந்து, சொன்னதை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஃபோட்டோஷாப்புக்குள்ளேயே வந்துவிட்டன. வெட்டும் வேலையையும் பின்னணி நிரப்பும் வேலையையும் அவை நொடிகளில் முடிக்கின்றன. ஆனால் அவை தரும் படத்திலும் ஒரு கம்பத்தின் நிழல் கிழக்கேயும் பக்கத்துக் கம்பத்தின் நிழல் தெற்கேயும் விழுவதுண்டு. தொடுவானம் எங்கே, சூரியன் எங்கே, நிழல் எவ்வளவு நீளம் என்று கேட்கத் தெரிந்தவருக்கு, படத்தைச் செய்தது கையா கருவியா என்பதைப் பொறுத்துக் கேள்விகள் மாறுவதில்லை.