வயதான நாயும் படுக்கைப் புண்ணும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஓர் அன்பர் என்னைத் தனியாக அழைத்தார். "சார், எங்க வீட்டு நாய்க்குப் பதிமூணு வயசு. எழுந்து நடக்கவே மாட்டேங்கறது. இடுப்பில ஒரு இடத்தில முடி கொட்டி வட்டமா சிவந்திருக்கு. என்ன பவுடர் போடலாம்?" என்று கேட்டார். "பவுடர் இருக்கட்டும். முதலில் அது எதன்மேல் படுக்கிறது என்று பாருங்கள்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ரயில் பாதை இஞ்சினியருக்கும் நாய் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார். நியாயம்தான். எனக்குத் தெரிந்தது எங்கள் கருப்பன் கற்றுக்கொடுத்தது. அந்தப் பாடத்துக்கு அவன் கொடுத்த விலை அதிகம். மற்றவர் வீட்டு நாய்க்கு அந்தக் கஷ்டம் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம்மில் பல வீடுகளில் இதே கதைதான். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போது ஆசைப்பட்டுக் கொண்டுவந்த குட்டி. பிள்ளைகள் வேலைக்கு என்று எங்கெங்கோ போய்விட, குட்டி கிழவனாகி நம்மிடம் இருக்கிறது. கருப்பன் லாப்ரடார் கலப்பு, 30 கிலோ. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி. அக்கம்பக்கத்தார் அவனைக் 'காலூ' என்றே கூப்பிடுவார்கள். பதிமூன்றாம் வயதில் மூட்டுவாதம் வந்து பின்னங்கால்கள் வலுவிழந்தன. தூக்கி நிறுத்தினால் நிற்பான், விட்டால் படுத்துவிடுவான்.

அது மே மாதம். நாக்பூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மெத்தை சூடாக இருக்கிறது என்று அவன் மெதுவாக ஊர்ந்து மொசைக் தரைக்குப் போய்விடுவான். வலது இடுப்பில் வலி என்பதால் எப்போதும் இடது பக்கமாகவே படுப்பான். சில வாரங்களில் இடது இடுப்பில் நாணயம் அளவு முடி கொட்டியது. வயசானால் முடி கொட்டத்தானே செய்யும் என்று பவுடர் போட்டேன். பத்து நாளில் தோல் வெடித்தது. அப்போதும் ஒரு களிம்பை வாங்கித் தடவினேனே தவிர, டாக்டரிடம் போகவில்லை.

அந்த வாரம் கும்பகோணத்திலிருந்து அக்கா பேசினாள். படுத்த படுக்கையாக இருந்த எங்கள் அம்மாவை இரண்டு வருடம் வைத்துக் காப்பாற்றியவள் அவள்தான். நான் லீவில் போகும் பத்து நாள் மகன். கருப்பனின் புண்ணைப் பற்றிச் சொன்னதும் அவள் கேட்டது ஒரே கேள்வி: "ஏண்டா, ஒரே பக்கமா கிடக்கறானா? திருப்பிப் படுக்க வைக்கிறியா இல்லையா?"

முப்பத்தாறு வருடம் பாரக் கணக்குப் போட்டவனுக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். சுற்றிலும் முடியை மழித்துவிட்டுக் காட்டினார். மேலே எட்டணா அளவு வாய். உள்ளே ஒரு மசால்வடை அளவுக்குக் குழி. இது எப்படி என்று கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

புண் எப்படி உண்டாகிறது?

சரக்கு வண்டியின் ஓர் அச்சில் 20 டன்னுக்கு மேல் பாரம். ஒரு சக்கரத்துக்குப் பத்து டன். அந்தச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடமோ ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. இருந்தும் அடியிலுள்ள மண் அமிழ்ந்து போவதில்லை. காரணம், பாரம் தண்டவாளத்திலிருந்து ஸ்லீப்பருக்கும், ஸ்லீப்பரிலிருந்து ஜல்லிக்கும், ஜல்லியிலிருந்து மண்ணுக்கும் இறங்க இறங்க அகலமாகப் பரவுகிறது. தண்டவாளத்தை நேராக மண்ணில் வைத்தால் முதல் வண்டியிலேயே புதைந்துவிடும்.

நாயின் உடம்பில் எலும்பு முனைதான் தண்டவாளம். சதையும் கொழுப்பும் ஜல்லி. வயதானால் தசை கரைகிறது, ஜல்லி குறைகிறது. அடியில் கல்தரை வேறு. நடுவில் அகப்பட்ட சதையில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி, ரத்தம் போகாமல் சதை செத்துப்போகிறது. அழுத்தம் அதிகம் இருப்பது எலும்பை ஒட்டிய இடத்தில். ஆகவே அழுகல் உள்ளே ஆரம்பித்து வெளியே வருகிறது. தோலில் நாம் பார்ப்பது கடைசிக் கட்டம். எட்டணா வாய்க்குக் கீழே வடை அளவு குழி இருந்தது அதனால்தான்.

சின்னக் கணக்கு ஒன்று. மனித விரல் நகத்தின் ஓரத்திலுள்ள நுண்குழாய்களின் ரத்த அழுத்தத்தை 1930-ல் லாண்டிஸ் என்ற ஆராய்ச்சியாளர் அளந்து, சுமார் 32 மி.மீ. பாதரசம் என்றார். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 43 கிராம். அந்த எண்ணை நாய்க்கு அப்படியே பொருத்த முடியாவிட்டாலும் விஷயம் விளங்கும். இடுப்பெலும்பின் முனை 3 கிலோவைத் தாங்குகிறது, தரையில் அழுந்தும் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 500 கிராம் வருகிறது. நல்ல மெத்தையில் பரப்பு பத்து மடங்கானால் 50 கிராம். எவ்வளவோ தேவலை. ஆனாலும் 43-ஐவிடச் சற்று அதிகம்தான். எனவே மெத்தை மட்டும் போதாது. பாரத்தைப் பரப்பவும் வேண்டும், இடம் மாற்றவும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் எந்த மருந்தும் பலிக்காது.

எங்கே பார்க்க வேண்டும்?

எலும்பு துருத்தும் இடங்கள் எல்லாம்: முழங்கை, தோள்பட்டையின் பக்கம், இடுப்பு, உட்காரும் எலும்பு, பின்னங்காலின் முட்டியும் கணுக்காலும், மார்பெலும்பு. தலையைத் தூக்காத நாய்க்குக் கன்னமும் சேரும். தண்டவாளத்தைக் கீமேன் தினமும் நடந்து பார்ப்பதுபோல் தினம் ஒரு முறை விரலால் முடியை விலக்கிப் பாருங்கள். முடி கொட்டுதல், சிவப்பு, சூடு, வீக்கம், ஈரக் கசிவு ஆகியவை முதல் அடையாளங்கள். வெளிர்த் தோலில் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் நிறம் தெரியாது, சூட்டையும் வீக்கத்தையும் கையால்தான் அறிய வேண்டும்.

பெரிய நாய்களின் முழங்கையில் முடியில்லாமல் தடித்துக் காய்ப்பு இருப்பது வேறு. அது தரையில் படுத்துப் படுத்து வந்தது. பயமில்லை, ஆனால் வெடித்தால் புண்ணாகும். கவனம் தேவை.

சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. ஏற்கெனவே நைந்த சதை அதில் இன்னும் நைந்துபோகும்.

வராமல் தடுக்க

1. மெத்தை: பஞ்சு மெத்தை சில நாளில் கட்டி தட்டிவிடும். கயிற்று நார் மெத்தை கடினம். அடர்த்தியான ஃபோம், குறைந்தது 4 அங்குலம் வேண்டும். நாய் படுத்திருக்கும்போது மெத்தைக்கு அடியில், அதன் இடுப்புக்கு நேர் கீழே உங்கள் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை உதவாது. ஒரு அங்குலமாவது அமுங்காமல் மிச்சம் இருக்க வேண்டும்.

2. வெயில் காலம்: மெத்தை சூடானால் நாய் தரைக்குத்தான் போகும். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு பழைய நவார் கட்டிலின் கால்களை அரை அடிக்கு அறுத்து, அதன்மேல் ஃபோம் போட்டு, பருத்தி விரிப்பு விரித்து, கூலர் காற்று படும் இடத்தில் வைத்தேன். அதன்பின் கருப்பன் தரையைத் தேடவில்லை. கீழே உருளாமல் இருக்க ஓரத்தில் தலையணை வைத்தோம்.

3. திருப்புதல்: பகலில் இரண்டிலிருந்து நான்கு மணிக்கு ஒரு முறை. இடது பக்கம், பிறகு மார்பின்மேல் நிமிர்ந்து, பிறகு வலது பக்கம். கால்களை அடியில் மடித்து மார்பின் வழியாகத் திருப்புங்கள். முதுகின் வழியாக மல்லாத்தி உருட்ட வேண்டாம். நிமிர்ந்து உட்கார இரு பக்கமும் சுருட்டிய துண்டு வைக்கலாம். முட்டிகளுக்கு நடுவில் மடித்த துண்டு ஒன்று. நாங்கள் காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, திருப்பிய நேரத்தை எழுதி வைத்தோம். இரவு 11 மணி என் மனைவிக்கு. 3 மணி எனக்கு. "உங்களுக்குத்தான் நைட் ட்யூட்டி பழக்கமாச்சே" என்றாள்.

4. தூக்குதல்: இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமும் போய் உள்ளே குழாய்கள் கிழியும். பழைய வேட்டியை நீளவாக்கில் மடித்து வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, நாளுக்கு நாலைந்து முறை சில நிமிடங்கள் நிற்க வையுங்கள். நிற்கும் நேரமெல்லாம் இடுப்புக்கு ஓய்வு.

5. ஈரம்: சிறுநீரில் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றித் துடையுங்கள். பின்பகுதி முடியைக் குட்டையாகக் கத்தரித்து வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும், பெரியவர்களுக்கான உறிஞ்சும் விரிப்பு நல்லது. வெறும் பிளாஸ்டிக் தோலில் படக்கூடாது.

6. உணவு: வெறும் தயிர் சாதத்தில் சதை ஊறாது. புண் ஆறப் புரதம் வேண்டும். எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழைந்தது அந்த மாதம்தான், அதுவும் பின்கட்டு அடுப்பு வரைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம் நாய்க்கு விஷம். சாம்பார் சாதம் வேண்டாம்.

வந்துவிட்டால்

தோல் கிழிந்திருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். எங்கள் டாக்டர் செத்த சதையை வெட்டி எடுத்தார். சீழுக்கு ஏற்ற மருந்தும் நாய்க்கான வலி மாத்திரையும் கொடுத்தார். வீட்டில் எங்கள் வேலை, தினமும் உப்பு நீரால் கழுவிக் கட்டுவது. கொதிக்க வைத்து ஆற்றிய அரை லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஒரு டீஸ்பூன் உப்பு. ஊசியில்லாத சிரிஞ்சால் மெதுவாகப் பீய்ச்ச வேண்டும். பிறகு புண்ணில் ஒட்டாத துணி வைத்து இறுக்கமில்லாமல் கட்டு. நக்காமல் இருக்கக் கழுத்துக்குக் கூம்பு. குழி அடியிலிருந்து மேலே நிரம்பி வர வேண்டும். வாய் முதலில் மூடினால் உள்ளே சீழ் கட்டும்.

செய்யக் கூடாதவை: ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், வீட்டுக் கிருமிநாசினித் திரவம் ஆகியவை புதிதாக முளைக்கும் சதையையும் சேர்த்துக் கொல்லும். மஞ்சள் பொடி போட்டால் பொருக்குத் தட்டி உள்ளே நடப்பதை மறைக்கும். குழந்தைகளுக்குப் போடும் துத்தநாகக் களிம்பை நாய் நக்கினால் உடம்புக்குக் கெடுதல். நமக்குக் கொடுத்த வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. வயிற்றுப் புண்ணில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மழைக்காலத்தில் ஈயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். புண் மூடியிருக்கட்டும், படுக்கைக்குக் கொசுவலை கட்டுங்கள். புழு கண்டால் மண்ணெண்ணெய், பினாயில் எதையும் ஊற்றாமல் டாக்டரிடம் ஓடுங்கள். துர்நாற்றம், காய்ச்சல், சாப்பிடாமை, எலும்பு தெரிதல் ஆகியவற்றுக்கும் தாமதம் கூடாது. எவ்வளவு செய்தும் புண் பெருகி, நாய் வலியில் வாடுகிறது என்றால், இனிமேல் அதைக் கஷ்டப்படுத்துகிறோமா என்று டாக்டரிடம் மனம் திறந்து கேட்கத் தயங்காதீர்கள். அதுவும் பராமரிப்பில் சேர்ந்ததுதான்.

கருப்பனின் குழி நிரம்பி மூடப் பதினோரு வாரம் ஆயிற்று. மெத்தைக்குச் செலவான பணத்தைப்போலப் பல மடங்கு புண்ணுக்குச் செலவானது. அதைவிட, கட்டு மாற்றும்போது அவன் கத்தாமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததை மறக்க முடியவில்லை. முடி கொட்டிய அன்றே திருப்பிப் போட்டிருந்தால் அந்தப் பதினோரு வாரமும் அவனுக்கு இல்லை.

அடுத்த பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, 3 மணிக்குத் திருப்பிவிட்டுப் படுத்தேன். 6 மணிக்குப் பார்த்தபோது போயிருந்தான். புதைப்பதற்கு முன் உடம்பு முழுவதும் ஒரு முறை விரல் விட்டுப் பார்த்தேன், பழக்கம். இடது இடுப்பில் அந்தப் பழைய தழும்பு. வேறு எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

வீட்டில் வயதான நாய் இருக்கும் அன்பர்கள் இதைப் படித்து முடித்ததும் மெத்தைக்கு அடியில் ஒரு முறை கையை விட்டுப் பாருங்கள்.