ஆலங்குளத்துச் சுண்ணாம்புக் கல்லும் ரைபோசோமும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் உள்ள ஆலங்குளம் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது அங்குள்ள அரசாங்க சிமெண்டு ஆலை. அதற்கு ஆதாரமான சுண்ணாம்புக் கல்லில் பெரும்பகுதி கால்சைட் என்னும் படிகம். அதன் அமைப்பு முழுவதையும் ஓர் அலகுக்கூட்டில் அடக்கிவிடலாம். 6 கால்சியம், 6 கரி, 18 பிராணவாயு, ஆக 30 அணுக்கள். அவ்வூர்ப் பள்ளி மாணவி ஒருத்தி இந்தக் கூட்டைத் தன் கணினித் திரையில் வரவழைத்து, விரலால் இழுத்துச் சுழற்றிப் பார்க்கலாம் என்பது, என் தலைமுறையார் படித்த காலத்தில் கனவிலும் எண்ணாத பாக்கியம். ஆயினும், எந்த உலாவியில் அதைப் பார்ப்பது சிரேஷ்டம் என்ற கேள்விக்கு இந்த 30 அணுக்கள் விடை தரமாட்டா. சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது; உலாவிகளும் அந்த வேகத்துக்கு இசைந்தே படங்களை வரைந்து தருவதால், சிறிய மூலக்கூறில் வல்லதும் மெலிந்ததும் ஒன்றுபோலவே தோன்றும்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்கள், 1954ஆம் ஆண்டுச் சென்னையை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதியளிக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு என்பதை உலகுக்கு அறிவித்தார்கள். அவர்கள் கண்ட அமைப்பில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று பிறநாட்டு விஞ்ஞானிகள் ஆட்சேபம் எழுப்பியபோது, எத்தனை நெருக்கம் இயற்கைக்குச் சம்மதம் என்பதையே ஆராயப் புகுந்த ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட வரைபடம், இன்றும் உலகமெங்கும் புரத அமைப்புகளைச் சோதிக்கும் உரைகல்லாக இருந்து வருகிறது. இரண்டு அணுக்கள் உண்மையில் நெருங்கியிருக்கின்றனவா, அல்லது ஒன்றன் பின் ஒன்று நிற்பதால் அப்படித் தோன்றுகின்றனவா என்பதை நிலையாக நிற்கும் படம் சொல்லாது. உருவம் சுழலும்போதுதான், அருகில் உள்ளது விரைந்தும் தொலைவில் உள்ளது மெல்லவும் நகர, ஆழம் என்பது கண்ணுக்குப் பிரத்யட்சமாகிறது. சுழற்சி திக்கித் திக்கி நடந்தால் அந்த ஆழமும் கலைந்து போகிறது. ஆகவே உலாவியின் வேகம் வெறும் சௌகரிய விஷயமன்று. மாணவி மூலக்கூறைக் காண்கிறாளா, தட்டையான சித்திரத்தைக் காண்கிறாளா என்பதே அதைப் பொறுத்தது.

பல ஆண்டுகள் உலாவிக்குள் மூலக்கூறுகளைச் சுழற்றிக் காட்டும் பணியைச் செய்துவந்தது ஜாவா மொழியில் எழுதப்பட்ட ஜேமோல் என்னும் இலவச மென்பொருள். பாதுகாப்புக் குறைகளைக் காரணமாகக் கொண்டு குரோம் 2015இலும், ஃபயர்பாக்ஸ் 2017இலும் ஜாவாச் செருகுநிரல்களுக்குக் கதவடைத்துவிட்டன. அந்நிலை வருமுன்பே ஜேமோல் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றப்பட்டு ஜேஎஸ்மோல் ஆயிற்று. எங்கும் ஓடக்கூடியது என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் ஒவ்வோர் அணுவையும் கணினியின் மையச் செயலியே வரைய வேண்டியிருப்பதால், பெரிய மூலக்கூறுகளில் அது தளர்ந்து போகிறது. இங்கேதான் உலாவிகளின் ஜாவாஸ்கிரிப்டு இயந்திரங்களுக்குள்ள ஏற்றத்தாழ்வு வெளிப்படையாகத் தெரியும். 2011இல் வெளிவந்த வெப்ஜிஎல் என்னும் நியமத்தைப் பின்பற்றிய 3டிமோல், மோல்ஸ்டார் போன்றவை அந்தப் பாரத்தை வரைகலைச் செயலியிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அவற்றுள் பல, உருண்டையை எண்ணற்ற முக்கோணங்களால் கட்டாமல், ஒரு சதுரத் தகட்டை வைத்து ஒளியும் நிழலும் புள்ளிக்குப் புள்ளி கணக்கிட்டு, கண்ணுக்குக் கோளமாகவே காட்டிவிடும் உபாயத்தைக் கையாளுகின்றன. அந்த உபாயத்தை நான் மிகவும் வியக்கிறேன்.

உண்மையான பரீட்சைக்கு ஏற்றது, உயிரணுவுக்குள் புரதங்களைக் கட்டும் ரைபோசோம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத்தந்த அந்தப் பொருளின் சிறிய பாகத்தில் மட்டும், ஹைட்ரஜனை விட்டுவிட்டு எண்ணினாலும் 50,000க்கு மேற்பட்ட அணுக்கள் உண்டு. அதைத் திறக்கும்போது, கோப்பு வந்து சேர்ந்து பிரிக்கப்படும் நேரத்தையும், பின்பு சுழலும் வேகத்தையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். முன்னதில் இணையத்தின் மந்தமும் கோப்பின் வடிவமும் கலந்திருப்பதால், அந்தத் தாமதத்தின் பழியை உலாவியின் தலையில் சுமத்துவது நியாயமன்று. அன்றியும், குரோமும் எட்ஜும் குரோமியம் என்ற ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. ஐபோனிலோ, நம் நாட்டில் எந்தப் பெயருள்ள உலாவியை நிறுவினாலும் உள்ளே இயங்குவது சஃபாரியின் இயந்திரமே. குரோமியக் குடும்பத்தையும் ஃபயர்பாக்ஸையும் ஒரே கணினியில், ஒரே மூலக்கூறைக் கொண்டு ஒப்பிடுவதுதான் பொருளுள்ள ஒப்பீடு.

பெரும்பாலும் அந்த ஒப்பீட்டில் கிடைக்கும் வித்தியாசத்தைவிட மிகப் பெரியதொரு வித்தியாசம் மறைந்து நிற்கிறது. பழைய வரைகலை இயக்கிகளை நம்பத்தகாதவை என்று உலாவிகள் ஒரு பட்டியலில் சேர்த்து விலக்கிவிடுகின்றன, விலக்கியபின் அந்த வேலை மையச் செயலியின் மேல் விழுந்தால் மூலக்கூறு ஊர்கிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கருவிகளை இன்னும் பேணிவரும் வீடுகள் நம் ஊர்களில் உண்டு. நகரத்து விலையுயர்ந்த கணினியில் அளந்த வேகத்தை அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பிரமாணமாகக் காட்டுவதை என் மனம் ஏற்கவில்லை.

ஆசிரியர்கள் வகுப்புக்கு முதல்நாளே, குரோமின் முகவரிப் பட்டையில் ‘ஜிபியு’ என்ற உட்பக்கத்தையும், ஃபயர்பாக்ஸில் ‘சப்போர்ட்’ என்ற உட்பக்கத்தையும் திறந்து, வெப்ஜிஎல்லுக்கு வன்பொருளின் துணை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இல்லையெனில் முதலில் இயக்கியைப் புதுப்பிக்க வேண்டும். ஒரே கணினியில் இரண்டு உலாவிகளின் விலக்குப் பட்டியல்களும் வேறுபடக்கூடும் என்பதால், மற்றோர் உலாவியையும் முயன்று பார்க்க வேண்டும். அதற்கும் பலனில்லையென்றால், ரைபோசோமின் அணுக்களை எல்லாம் உருண்டைகளாகக் காட்டாமல், சங்கிலியின் போக்கை மட்டும் நாடா வடிவில் காட்டினால், வலிமை குன்றிய கணினியிலும் அது பெரும்பாலும் தடங்கலின்றிச் சுழலும்.