மிஸ் அடிக்கும் லாரியும் பம்பு ஸ்டவ்வும்

பம்பு ஸ்டவ் பற்றவைத்துப் பழகியவருக்குப் பழைய டீசல் இன்ஜின் பாதி புரிந்த மாதிரிதான். டேங்கில் மண்ணெண்ணெய், அதை அழுத்தி மேலே ஏற்ற ஒரு பம்பு, நுனியில் ஊசித் துளையுள்ள நிப்பிள். எண்ணெய் சூடேறி ஆவியாக வந்தால் நீலச் சுடர். சீறல் ஒரே சீராக இருக்கும். பர்னர் சூடேறாமல் எண்ணெய் எண்ணெயாகவே வந்தால் மஞ்சள் தீ எழும்பி, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. எண்ணெய் தீரப்போகும் நேரத்தில் காற்றும் கலந்து வந்து 'பக் பக்' என்று துள்ளும்.

கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத ஆறு சிலிண்டர் லாரியிலும் இந்த வரிசைதான்: டேங்க், ஃபீட் பம்ப், ஃபில்டர், டீசல் பம்ப், கடைசியில் நிப்பிளின் இடத்தில் நாசில். தீக்குச்சிக்கு மட்டும் வேலையில்லை. பிஸ்டன் காற்றை 16, 17 மடங்கு நெருக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிவிடும். டீசல் அதில் பனித்தூறலாக விழுந்தால் தானே பற்றிக்கொள்ளும். சொட்டாக விழுந்தால் ஸ்டவ்வின் மஞ்சள் தீ கதைதான். தூறலாக்கத்தான் அவ்வளவு அழுத்தம். லாரி டயரில் அடிக்கும் காற்று 8 பார் அளவுதான். பழைய நாசில்கள் திறக்கவே 200 பார் பக்கம் வேண்டும்.

நிமிடத்துக்கு 600 சுற்றில் இன்ஜின் சும்மா நிற்கும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 5 முறை வெடிக்கும். ஆறும் சேர்ந்து 30. ஒன்று செத்தால் 25. கியர் தடி ஆடுவதும் கேபின் குலுங்குவதும் அந்த ஐந்து குறைவதால்தான். டிரைவர்கள் இதை 'மிஸ் அடிக்குது' என்பார்கள். மேட்டில் திக்கும் 'இழுக்கலை' என்பது வேறு புகார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ஆறு நாசிலையும் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பும் பட்டறைகள் உண்டு. பில் ஏறும், வண்டி ஏறாது.

"அண்ணே, நிக்கும்போது நல்லாத்தான் நிக்குது. திம்பம் மலை ஏறும்போதுதான் திக்குது" என்று ஒருவர் வந்தால், விவரம் தெரிந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுக்க மாட்டார். "காலையில ஒரே செல்ஃப்ல எடுக்குதா தம்பி?" என்றுதான் கேட்பார். எடுக்கவில்லை என்றால் சந்தேகம் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உள்ள குழாய் மேல் போகும்.

ஸ்டவ்வும் லாரியும் இங்கே பிரிகின்றன. ஸ்டவ்வில் காற்றுதான் எண்ணெயைத் தள்ளுகிறது. லாரியிலோ டேங்க் கீழே தொங்குகிறது. ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். உறிஞ்சும் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரம் தேடிப் பயனில்லை. இரவெல்லாம் நின்றால் அந்த வழியே காற்று புகுந்து குழாயில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி ஓய்ந்துபோகும். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி டியூபைச் செருகி இன்ஜினை ஓடவிட்டால் குமிழி போவது கண்ணுக்கே தெரியும். பெரும்பாலும் குற்றவாளி முனையில் வெடித்த ரப்பர் ஹோஸ் அல்லது நசுங்கிய செம்பு வாஷர். மாற்றியபின் ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை கைப்பம்பை அடிக்க வேண்டும்.

குமிழி இல்லாமலும் மேட்டில் திக்கினால் ஃபில்டர் அடைப்பைப் பாருங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் ஒரு மணி நேரம் ஓடியபின் இழுவை குறையும், மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், வண்டி சரியாகிவிடும். காசே இல்லாத இந்தச் சோதனையை ஏனோ கடைசியில்தான் செய்கிறார்கள்.

மிஸ் அடிப்பதற்கு வழி வேறு. இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, முதல் நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. இன்ஜின் சத்தம் இறங்கினால் அது உழைத்துக்கொண்டிருந்த சிலிண்டர். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். நட்டின் மேல் துணி கிடக்கட்டும், விரல் வேண்டாம்: அந்த அழுத்தத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், கையையே இழக்க நேரலாம். காமன் ரயில் வண்டிகளில் குழாய்க்குள் 1000 பாருக்கும் மேல் போகும். அங்கே இந்தச் சோதனையை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

செத்த சிலிண்டர் தெரிந்ததும் அதன் நாசிலையும் பக்கத்து நாசிலையும் இடம் மாற்றிப் போடுங்கள், அடியில் புது செம்பு வாஷரோடு. மிஸ் பக்கத்துக்கு நகர்ந்தால் நாசிலின் குற்றம். ஒன்றை மட்டும் சர்வீஸுக்குக் கொடுத்தால் போதும். அதே இடத்தில் நின்றால் பலரும் உடனே டீசல் பம்பை இறக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பம்ப் இறக்குவது பெரிய செலவு, ஏற்றும்போது டைமிங் பிசகினால் புதுத் தலைவலி. முதலில் டேப்பெட் இடைவெளியை அளக்கலாம். வால்வு முழுதாக மூடாவிட்டால் காற்று நெருங்காது, சூடும் ஏறாது. டீசல் பற்றாமல் வெள்ளைப் புகையாகப் போகும், முகர்ந்தால் கண் எரியும். டேப்பெட் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். நல்ல சிலிண்டர் 25 பாரைத் தொடும் என்பதால் டீசல் இன்ஜினுக்கென்றே உள்ள கேஜ் வேண்டும். பெட்ரோல் வண்டி கேஜ் தாங்காது. அதிலும் குறையில்லை என்ற பிறகு பம்பை இறக்கலாம்.