ஐந்து லேசர், ஒரே கதிர்

ஒரு நுண்லேசர் தரும் ஒளி மிகச் சொற்பம். அதிக ஒளி வேண்டுமானால், பல லேசர்களை ஒரே சில்லில் நெருக்கி அடுக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மிக நெருங்கிவிட்டால் ஒன்றின் ஒளி அடுத்ததற்குள் கசியும். அதன்பின் அவை தனித்தனி லேசர்கள் அல்ல.

ஐந்து ஊஞ்சல்களைக் கயிற்றால் பிணைத்துவிட்டால், ஐந்தும் ஒருசேர ஆடலாம். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை எதிரெதிராகவும் ஆடலாம். மொத்தம் ஐந்து வகை ஆட்டம். பிணைந்த ஐந்து லேசர்களிலும் அப்படித்தான் ஐந்து அலைப்பாங்குகள், ஒவ்வொன்றுக்கும் சற்றே வேறான அதிர்வெண். ஆற்றலைக் கூட்டக் கூட்ட இவை ஒன்றோடொன்று போட்டி போடும், கதிர் சிதறும். ஐந்தும் ஒத்து ஆடும் முதல் பாங்குதான் குவிந்த ஒற்றைக் கதிரைத் தரும். மற்ற நான்கையும் அடக்குவது எப்படி?

வழி காட்டியது துகள் இயற்பியல். ஒவ்வொரு அடிப்படைத் துகளுக்கும் ஒரு துணைத்துகள் உண்டு என்றது 1970களில் உருவான மீச்சமச்சீர்க் கோட்பாடு. ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்தின் மாபெரும் மோதுகலனில் அப்படி ஒன்றுகூட இதுவரை சிக்கவில்லை. ஆனால் அந்தக் கணிதம் வேறொன்றுக்கு உதவியது: ஓர் அமைப்பின் அடிநிலையை (லேசர் வரிசையில் அதுதான் முதல் பாங்கு) மட்டும் விட்டுவிட்டு, மற்ற நிலைகளை எல்லாம் அப்படியே கொண்ட துணை அமைப்பை அதைக்கொண்டு வடிவமைக்கலாம்.

2019இல் மெர்செதே கஜவிகான், டிமெட்ரியோஸ் கிறிஸ்டோடூலிடிஸ் ஆகியோரின் குழு இதை லேசரில் செய்துகாட்டி, ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. ஐந்து லேசர் வரிசைக்குப் பக்கத்தில் நான்கு உறுப்புகள் கொண்ட துணை வரிசை. இது முதல் வரிசையின் நகல் அல்ல. உறுப்புகளின் அளவையும் இடைவெளியையும் கணக்கிட்டு மாற்றினால்தான், அதன் நான்கு அதிர்வெண்களும் வேண்டாத நான்கோடு பொருந்தும். அதிர்வெண் பொருந்தினால் ஒளி எளிதில் தாவும். துணை வரிசையோ ஒளியை இழக்கும்படி அமைந்தது. ஆகவே தாவிய பாங்குகள் லேசராக எழ முடியாமல் அங்கேயே மங்கும். முதல் பாங்குக்கு அங்கே இணை இல்லை. அது தன் வரிசையிலேயே தங்கி வளர்கிறது.

2021இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லியாங் ஃபெங் குழு இதையே ஐந்துக்கு ஐந்து நுண்வளைய லேசர்கள் கொண்ட பரப்புக்கு விரித்தது.

வேண்டாத பாங்குகளை வெளிவந்த பிறகு வடிகட்டினால், அவற்றை உருவாக்கச் செலவான ஆற்றல் வீண். இங்கே வேண்டாத பாங்குகள் தலைதூக்குவதே இல்லை என்பதால், ஊட்டும் ஆற்றலில் பெரும்பங்கு வேண்டிய கதிருக்கே போய்ச் சேருகிறது.